மெரைனா, பி.டபிள்யூ.ஆரா? படகுத் தளத்துக்கு ஏற்ற ப்ளைவுட்

குமரிக் கரைக்கு 1980-களில் ப்ளைவுட் வள்ளங்கள் வந்தன. பிறகு கண்ணாடியிழை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மரப்படகு வைத்திருப்பவர், பழையதைப் புதுப்பிப்பவர் எல்லாரும் கால் வைக்கும் தளப்பலகைக்கு ப்ளைவுட் கடைக்குத்தான் போகிறார்கள்.

கடையில் இரண்டு ரகம் எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 710 முத்திரை குத்திய மெரைன். மற்றது ஐ.எஸ். 303-ல் வரும் பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் ரகம். பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. விலையில் நன்றாகவே தெரியும். மெரைன் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது. மரத்துக்கு மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். பி.டபிள்யூ.ஆருக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை.

ஆனால் கொதிநீர்ச் சோதனை பசைக்கு வைக்கும் பரீட்சை. மரம் மக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. ஆப்பிரிக்காவின் ஒக்கூமே மரத்தில் செய்த படகு ப்ளை உலகெங்கும் பெயர் பெற்றது. பசை முதல் தரம். மரமோ பூஞ்சைக்குச் சீக்கிரம் இரையாகிவிடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே தங்கினால் ஆபத்துதான். அதிலும் கடல்நீரைவிட, படகுக்குள் தேங்கும் மழைநீர்தான் அதிகம் கெடுக்கும்.

படகின் உடம்புக்கு 710-ஐத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். தளப்பலகை கதை வேறு. அது கழற்றி மாட்டுவது, கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்காகப் பூச்சு போட்ட பி.டபிள்யூ.ஆர்., பூச்சில்லாத மெரைனைவிட அதிக நாள் உழைக்கும். ஒரு நிபந்தனை உண்டு: ஷீட்டின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். நடு அடுக்குகளில் பொந்து தெரிந்தால் வேண்டாம். பொந்துக்கு மேல் குதிகால் அழுந்தினால் மேலடுக்கு உள்வாங்கும். நாணயத்தால் தட்டினாலும் அந்த இடத்தில் சத்தம் மாறும்.

இனி பூச்சு. முகத்துக்கு மூன்று கோட் அடித்துவிட்டு விளிம்பை ஒரே இழுப்பில் முடிப்பது வழக்கம். செய்ய வேண்டியது நேர் எதிர். வெட்டிய விளிம்பில் மரத்தின் நுண்குழல்கள் திறந்து கிடக்கின்றன. ஸ்ட்ரா போல நீரை இழுக்கும். எபாக்ஸிப் பிசினை அங்கே தடவிச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள், பளபளப்பு மறைந்து மரம் குடித்திருக்கும். இறுகுமுன் மறுபடி தடவுங்கள். அது குடிப்பதை நிறுத்தும்வரை விடக் கூடாது. திருகுத் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, காய்ந்தபின் நடுவில் புதுத் துளை போட வேண்டும். அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம், ஈரம் அதிகம் படுவது அங்கேதான்.

எபாக்ஸிக்குப் பதில் எண்ணெய் வார்னிஷ் போடலாமா? அது மலிவு, பூசுவது எளிது. அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும், தேய்த்து மறுபடி அடித்துவிடலாம். ஆனால் நம் வெயிலுக்கு வருஷா வருஷம் அந்த வேலை காத்திருக்கும். எபாக்ஸி நீரை இதைவிட நன்றாகத் தடுக்கும், வெயிலைத்தான் தாங்காது. மேலே பெயின்ட் கட்டாயம். அதற்குமுன் இறுகிய எபாக்ஸியின் மேல் படியும் மெழுகுப் பிசுக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். எபாக்ஸியின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். நங்கூரம் விழுந்து விரிசல் கண்டால் உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. மேலே பூச்சு மினுமினுக்க, உள்ளே மரம் மாவாகும். எனவே நங்கூரம் வைக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு போடுவது நல்லது.

என் தேர்வு, நல்ல பி.டபிள்யூ.ஆர்., எபாக்ஸி, மேலே பெயின்ட். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போது உலர்ந்த மணலைத் தூவி, காய்ந்ததும் மிச்சத்தைப் பெருக்கிவிட்டால் கால் வழுக்காது. பலகையைச் சுற்றி விரல் நுழையும் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். கச்சிதமாகப் பொருந்திய பலகை ஊதிப்போனால், அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்கும் அவசரத்தில் கடப்பாறை போட்டாலும் கிளம்பாது.