எல்லோருக்கும் திறந்த ஒரு போட்டியும், நான் எழுதாமல் விட்ட ஒரு பெயரும்



"டீச்சர், இந்த வாரம் எந்த ராஜா கதை?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். இந்த வாரம் ராஜாவும் இல்லை, கோட்டையும் இல்லை. சுவரில் மாட்டிய ஒரு வட்டப் பலகையின் வரலாறு. டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். முடிவில் வீட்டுப்பாடமும் உண்டு.

2023 மார்ச் மாதம் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை டிவியில் டார்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, இதக் கொஞ்சம் பாருங்க. உங்களுக்குப் பிடிக்கும். எல்லாம் கழித்தல் கணக்குதான்" என்றார். உண்மையிலேயே கழித்தல் கணக்குதான்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரும் 501 என்ற எண்ணில் தொடங்க வேண்டும். 7 அடி 9¼ அங்குலம் தள்ளி நின்று, ஒரு முறைக்கு மூன்று சிறு அம்புகள் எறியலாம். விழுந்த இடத்தின் மதிப்பை 501-லிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். பலகையில் 1 முதல் 20 வரை இருபது பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மெல்லிய வளையத்தில் பட்டால் இரண்டு மடங்கு, இன்னொன்றில் பட்டால் மூன்று மடங்கு. நட்ட நடுப்புள்ளிக்கு 50. முதலில் சரியாகப் பூஜ்யத்துக்கு வருபவர் ஜெயித்தார். ஆனால் கடைசி அம்பு இரண்டு மடங்கு வளையத்திலோ நடுப்புள்ளியிலோ பட்டால்தான் செல்லும். இப்படி ஒரு ஆட்டம் முடிந்தால் அதை ஒரு 'லெக்' என்கிறார்கள்.

மூன்று அம்பும் 20-இன் மும்மடங்கில் பட்டால் 180. இரண்டு முறை அப்படி எறிந்தால் 360. மிச்சம் 141. அதை மும்மடங்கு 20, மும்மடங்கு 19, இருமடங்கு 12 என்று முடிக்கலாம். 60, 57, 24. கூட்டிப் பாருங்கள். ஆக, ஒன்பது அம்புகளில் 501-ஐ முடிக்கலாம். அதற்குக் குறைவாக யாராலும் முடியாது. 20-க்கு இரண்டு பக்கமும் 1, 5 என்று சின்ன எண்களை வைத்திருப்பதையும் கவனியுங்கள். பேராசைப்பட்டு 20-க்குக் குறிவைத்துக் கை நடுங்கினால் ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கும்.

அன்றைக்கு நான் பார்த்தது யுகே ஓப்பன் என்ற போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வென். மூன்று முறை உலக சாம்பியன். எதிரே ஆண்ட்ரூ கில்டிங் என்ற ஆங்கிலேயர். வயது 52. பெரிய பட்டம் ஒன்றுகூட அதுவரை வென்றதில்லை. பத்துக்குப் பத்து என்று வந்து நின்றது. கடைசி லெக்கை எடுத்தவர் கில்டிங். "யார் இவர்?" என்று கேட்டேன். "இந்தப் போட்டியில இப்படி நடக்கும் அத்தை. இது எல்லாருக்கும் திறந்த போட்டி" என்றார் மாப்பிள்ளை.

அந்த 'எல்லாருக்கும் திறந்த' என்ற சொல் எனக்குள் ஏதோ ஒன்றைக் கிளறிவிட்டது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

டார்ட்ஸ் பிரிட்டனில் பப் எனப்படும் மதுக்கடைகளில் வளர்ந்த விளையாட்டு. உழைத்துக் களைத்த மனிதர்கள் மாலையில் கூடும் இடம் அது. தனி மைதானம் வேண்டாம், சீருடை வேண்டாம். ஒரு சுவரும் ஒரு பலகையும் போதும். 1920-களில் மதுபான ஆலைகள் தங்கள் கடைகளுக்குள் அணி அணியாகப் போட்டிகள் நடத்தின. 1927-28-இல் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஞாயிறு பத்திரிகை லண்டன் வட்டாரத்தில் ஒரு தனிநபர் போட்டியைத் தொடங்கியது. சுமார் ஆயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். சாமி ஸ்டோன் என்பவர் முதல் சாம்பியன் ஆனார்.

யார் வேண்டுமானாலும் தன் ஊர் மதுக்கடையில் ஆடித் தொடங்கலாம். ஜெயித்தால் அடுத்த கட்டம், தோற்றால் வீடு. பத்தே ஆண்டுகளில் அது பல வட்டாரங்களுக்குப் பரவி, 1938-39-இல் பங்கேற்றவர்கள் 2,80,000-க்கும் மேல். அந்த ஆண்டு லண்டன் ராயல் அக்ரிகல்சுரல் ஹாலில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க 14,534 பேர் வந்தார்கள். சில மாதங்களில் உலகப் போர் வந்தது. போட்டி நின்றது. போருக்குப் பிறகு 1947-48-இல் நாடு முழுவதற்குமான போட்டியாக மறுபடி தொடங்கியது.

அந்தப் போட்டியின் ஆட்டங்கள் மூன்று லெக் மட்டுமே. இரண்டு ஜெயித்தால் போதும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பத்து நிமிடம் கை சரியில்லை என்றால் வெளியே போக வேண்டியதுதான். அதனாலேயே அந்தக் கோப்பைக்குத் தனி மதிப்பு இருந்தது.

1970-களில் தொலைக்காட்சி வந்து டார்ட்ஸ் ஆட்டக்காரர்களை வீட்டுக்கு வீடு தெரிந்தவர்களாக ஆக்கியது. 1980-களின் கடைசியில் அதே தொலைக்காட்சி கைவிட்டது. போட்டிகள் குறைந்தன. நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் போட்டியும் 1990-உடன் நின்றது. 1997-இல் ஒரே ஒரு முறை திரும்பி வந்து, பில் டெய்லர் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு மறைந்தது. இதற்கிடையில் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய அமைப்பிலிருந்து பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். 1994-இல் தங்களுக்கென்று உலகப் போட்டியும் நடத்தினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போய் 1997-இல் சமரசமானது. அந்தப் புதிய அமைப்புதான் இன்றைய பி.டி.சி. என்கிற தொழில்முறை டார்ட்ஸ் கழகம்.

தொழில் என்று ஆனதும் என்ன நடக்கும்? தரவரிசை வரும். முதல் 16 பேர், முதல் 32 பேர் என்று வரிசை வரும். வரிசையில் இருப்பவர்களுக்கே போட்டி, போட்டியில் ஆடுபவர்களுக்கே வரிசை. வெளியே நிற்பவன் உள்ளே வர வழி குறுகிவிடும். ஆட்டத்தின் தரம் உயரும் என்பது உண்மை. ஆனால் மதுக்கடைச் சுவருக்கும் மேடைக்கும் இருந்த பாதை அடைபட்டுப் போகும்.

2003-இல் பி.டி.சி. அந்தப் பாதையை மறுபடி திறந்தது. அதுதான் யுகே ஓப்பன். போல்டன் நகரத்துக் கால்பந்து அரங்க வளாகத்தில் தொடங்கியது. அன்று கட்டணம் கட்டினால் யாரும் வட்டாரத் தகுதிச் சுற்றுகளில் ஆடலாம் என்று இருந்தது. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கென்று தனித் தகுதிச் சுற்றுகளும் வந்தன. பெரியவர்களுக்குத் தரும் சலுகை ஒன்றே ஒன்று: அவர்கள் சில சுற்றுகள் கழித்து வந்து சேரலாம். வந்த பிறகு முன்னுரிமை கிடையாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லார் பெயரையும் கலந்து குலுக்கி எடுப்பார்கள். உலக சாம்பியனும் உலகத்தின் இரண்டாம் ஆட்டக்காரரும் ஆரம்பத்திலேயே மோதலாம். 1871-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் போட்டியிலும் இதே முறைதான். அதனால் யுகே ஓப்பனை 'டார்ட்ஸின் எஃப்.ஏ. கோப்பை' என்கிறார்கள்.

2014 முதல் இது மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பட்லின்ஸ் விடுமுறை முகாமில் நடக்கிறது. தொழிலாளர் குடும்பங்களும் கட்டுப்படியான செலவில் ஒரு வாரம் கடல் பார்த்துவிட்டு வரட்டும் என்று பில்லி பட்லின் 1936-இல் தொடங்கிய முகாம்களின் வரிசையில் வந்தது அது. இடப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. கொரோனாவால் 2021-இல் மட்டும் மில்டன் கீன்ஸில் ஆள் இல்லாத அரங்கில் நடத்தினார்கள்.

சரி, கதவைத் திறந்தார்களே, யார் ஜெயித்தார்கள்? 2003 முதல் 2025 வரை 23 போட்டிகள். பில் டெய்லர் 5 முறை. ஜேம்ஸ் வேட் 3. வான் கெர்வென் 3. வான் பார்னெவெல்ட் 2. ஆக 13 கோப்பைகள் நான்கே பேரிடம். மீதிப் பத்தைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பத்திலும் சிலர் உலக சாம்பியன்கள். கில்டிங் வென்ற இரண்டு ஆண்டில், 2025-இல், 18 வயது லூக் லிட்லர் வென்றார். அவரும் அப்போது உலக சாம்பியன். மதுக்கடைத் தகுதிச் சுற்று வழியாக வந்த ஒருவரும் இதுவரை கோப்பையைத் தூக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு டீச்சர் அந்தக் கதவு?" என்று கேட்பீர்கள். அதற்கு ராப் கிராஸ் என்பவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

கிராஸ் தென் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன். 2016-இல் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கான தகுதிச் சுற்றில் ஜெயித்து மைன்ஹெட் வந்தார். கடைசி 32 பேர் வரை முன்னேறினார். குலுக்கலில் வான் கெர்வென் வந்தார். அந்த ஆட்டத்தில் வான் கெர்வென் ஒன்பது அம்பு லெக் ஒன்றையே எறிந்தார். கிராஸ் தோற்றார். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். ஆனால் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு முழுநேர ஆட்டக்காரர் ஆனார். 2017 டிசம்பரில் உலகப் போட்டியின் அரையிறுதியில் அதே வான் கெர்வெனைக் கடைசி லெக் வரை போராடி வென்றார். 2018 ஜனவரி 1-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் பில் டெய்லரை 7-2 என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். மைன்ஹெட்டில் தோற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. குறுவட்டப் போட்டிக்குப் பெயர் எழுதும் பொறுப்பும் என் தலையில்தான். நூறு மீட்டருக்கு இரண்டு பேர். போன வருடம் ஓடிய இரண்டு பையன்கள் பெயரையே எழுதிவிட்டேன். அப்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம். பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு தடவ அவங்களோட ஓடிப் பாக்கட்டுமா?" என்றான்.

"பேரு எழுதியாச்சுடா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த வருடம் அவன் இல்லை. சூளை வேலை முடிந்து குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. டி.சி. கூட வாங்கவில்லை.

அவன் ஜெயித்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் தோற்றிருப்பான். ஆனால் அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நான் அவனுக்குத் தராமல் போனது அதைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மைதானத்தில் ஓடவிட்ட பிறகே பெயர் எழுதினேன். இரண்டு பீரியட் போகும். தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். அநேகமாக நாம் நினைத்த பிள்ளைகளே முதலில் வருவார்கள். ஆனால் மற்ற பிள்ளைகள் யாரும் அதன் பிறகு மனம் குமைந்து நின்றதில்லை. உங்களில் சிலருக்கு அந்த ஓட்டம் நினைவிருக்கும். அது ஏன் வந்தது என்று இன்றுதான் சொல்கிறேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள், ஊர் விளையாட்டுக் குழுவில் இருப்பவர்கள். பட்டியல் எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஒரு சுற்று எல்லோரையும் ஓடவிடுங்கள். அரை நாள்தான் செலவாகும்.

அந்தப் பையன் இதைப் படிக்க வாய்ப்பில்லை. ஒருவேளை படித்தால்: தம்பி, அன்னைக்கு உன்னை நான் ஓடவிட்டிருக்கணும்.

வீட்டுப்பாடம்: மூன்று அம்புகளில் 170-ஐ முடிக்கலாம். 169-ஐ முடிக்க முடியாது. ஏன்? கடைசி அம்பு இருமடங்கிலோ நடுப்புள்ளியிலோ பட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். விடையைக் கீழே எழுதுங்கள். பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்