நைரோபியில் ஒரு பிடி களி

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. பாடசாலைப் புத்தகங்கள் எம்மை அப்படிப் பழக்கிவிட்டன. இன்று அந்தப் பழக்கத்திலிருந்து சற்று விலகி, ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் சாப்பாட்டுக் கடைகளினூடாகப் பார்க்க விரும்புகிறேன். அந்த நகரம், கிழக்கு ஆபிரிக்காவிலே கென்யா நாட்டின் தலைநகரமாகிய நைரோபி.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே கணக்காளராகத் தொழில் பார்த்த என் அத்தானின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். நானோ மரக்கறிச் சாப்பாட்டுக்காரன். நைரோபியோ தணலில் வாட்டிய இறைச்சிக்குப் பேர்போன நகரம். "நீர் இங்கே பட்டினிதான் கிடக்கப் போறீர்" என்று அத்தான் பகிடி பண்ணினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று விசாரிக்கப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கான பொருள் எனக்குக் கிடைத்தது.

சுவாகிலி மொழியிலே சிறிய சாப்பாட்டுக் கடைக்கு 'ஹோட்டேலி' என்று பெயர். தங்குமிடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, படுக்க ஓர் அறைகூட இல்லாத கடைக்கு அவர்கள் சூட்டிவிட்டார்கள். நாமும் அதைத்தானே செய்தோம்! யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'சைவ ஹோட்டல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் எவர் போய்ப் படுத்தார்கள்? ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் கூட்டங்கள் ஒரே சொல்லை ஒரே விதமாகத் திருத்திக்கொண்டதை எண்ணி அன்று நான் வியந்தேன்.

அத்தான் என்னை அழைத்துச் சென்ற ஹோட்டேலி, தகரக் கூரையும் நீண்ட வாங்குகளும் கொண்டது. உட்கார்ந்ததும் ஒரு பெண் பாத்திரத்தைக் கீழே பிடித்து, எங்கள் கைகளில் வெந்நீர் வார்த்தாள். பின்பு தட்டு வந்தது. வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரில் இட்டுக் கிண்டி இறுக்கிய 'உகாலி'. பக்கத்திலே வெங்காயமும் தக்காளியும் சேர்த்து வதக்கிய கீரை. எண்ணெய் சற்றுக் கூடிய எங்கள் கீரை வறை என்றே அதைச் சொல்லலாம். அதன் பெயர் 'சுக்குமா விக்கி'. 'வாரத்தைத் தள்ளு' என்பது பொருள். கையில் காசு குறைந்த நாட்களில் சம்பளம் வரும்வரை தள்ளிக்கொண்டு போக உதவும் கறி அது. 'ஏதோ நாளைத் தள்ளுறம்' என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள் அல்லவா? உகாலியில் ஒரு பிடி எடுத்து உருட்டி, பெருவிரலால் அழுத்திக் குழிசெய்து, அந்தக் குழியில் கீரையை அள்ளி வாயில் இட வேண்டும். முதற்பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: இது களி! என் அப்பாச்சி கிண்டிய குரக்கன் களியின் நிறம் மாறிய உறவு.

உறவு என்று நான் சும்மா சொல்லவில்லை. குரக்கனுக்குத் தாயகம் கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டுநிலங்கள் என்பது தாவரவியலாளர் முடிவு. எதியோப்பியா, உகண்டா ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளில் முதலில் பயிராகி, மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து இந்தியாவுக்கும் பின்னர் எமக்கும் வந்த தானியம் அது. எமது மண்ணின் சொந்தச் சாப்பாடு என்று நாம் பெருமை பேசும் குரக்கன் பிட்டுக்கு ஆபிரிக்காவில் ஒரு தாய்வீடு உண்டு. கென்யாவில் அதை 'விம்பி' என்பர். அந்த மாவிற் காய்ச்சிய கஞ்சியை இன்றும் காலையில் குடிக்கிறார்கள்.

அப்படியானால் தாய்வீட்டிலே களி ஏன் வெள்ளையாயிற்று? இங்கேதான் வரலாறு தட்டுக்குள் வருகிறது.

சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16 ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரின் கப்பல்கள் அதைக் கிழக்கு ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தன. ஆனால் உள்நாட்டு மக்களின் அன்றாட உணவாக அது மாறியது 20 ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே. வெள்ளைக்காரக் குடியேறிகள் தங்கள் பெருந்தோட்டங்களில் வெள்ளைச் சோளத்தைப் பயிரிட்டனர். தோட்டத்திலும் பட்டணத்திலும் வேலைசெய்த ஆபிரிக்கருக்குக் கூலியின் ஒரு பகுதியாக அந்த மாவையே அளந்து கொடுத்தனர். அந்தப் படிக்கு 'பொஷோ' என்று பெயர். மடல் மூடிய சோளக் கதிரைப் பறவைகள் இலகுவிற் கொத்த முடியாது. ஆலையில் அரைப்பதும் சுலபம். குரக்கன் மெல்ல மெல்ல வயலைவிட்டு ஒதுங்கியது. மலையகத் தோட்டங்களில் அரிசி 'கொடுத்து' சம்பளத்தில் கழித்த முறையை அறிந்தவர்களுக்கு, முதலாளியின் கைக்குள் தொழிலாளியின் வயிறு எப்படி அகப்படும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நைரோபியிலே 'கரியோக்கோர்' என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள சந்தையில் ஆட்டிறைச்சியைத் தணலில் வாட்டி, மரப்பலகையில் வெட்டி, உகாலியோடு தருவார்கள். பிற்பகல் வேளையில் இருக்க இடம் கிடைப்பது அரிது. அந்தப் பெயரை நான் ஆபிரிக்கச் சொல் என்றே நினைத்திருந்தேன். அது 'கரியர் கோர்' என்ற ஆங்கிலத் தொடரின் திரிபு, சுமைகாவிகள் படை என்பது பொருள். முதலாம் உலகப் போரிலே, ஜேர்மானியரின் கைவசமிருந்த தங்கனீக்காவை நோக்கிப் பிரித்தானியப் படை நகர்ந்தபோது, துப்பாக்கி இரவைகளையும் உணவு மூடைகளையும் தலையிற் சுமக்க ஆபிரிக்கர் இலட்சக்கணக்கில் திரட்டப்பட்டனர். அவர்களிற் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே மிகப் பலர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது சோளமா. பழக்கமில்லாத உணவு, நன்றாக அரைபடாத மா, அதை வேகவைக்கப் போதிய நேரமும் விறகும் இல்லை. வயிற்றுளைவு கண்டு வழிநெடுக விழுந்தார்கள். இன்று அவர்களின் பெயரைத் தாங்கிய சந்தையிலே, அதே சோளமாக் களியை மக்கள் குடும்பமாக வந்திருந்து மகிழ்ச்சியோடு உண்கிறார்கள். இதை மறதி என்பதா, மீட்சி என்பதா? இரண்டும்தான் என்று எனக்குப் பட்டது.

இனி சப்பாத்திக்கு வருவோம். நைரோபியிற் சப்பாத்தி, இந்தியர் கடைக்கு மட்டும் உரிய பண்டமன்று. எந்த ஹோட்டேலியிலும் அவரைக் கறியோடு கிடைக்கும். நத்தாருக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் என்றே வீடுகளில் அதைச் சுட்ட காலமும் ஒன்று இருந்தது. கோதுமை மா அவ்வளவு விலை. அந்த நகரமே புகையிரதத்தாற் பிறந்தது. 1896 இல் மொம்பாசாத் துறைமுகத்தில் தொடங்கிய உகண்டாப் புகையிரதப் பாதை, 1899 மே மாதத்தில் மசாய் மக்கள் 'குளிர்ந்த நீர்' என்று அழைத்த சதுப்புநிலத்தை அடைந்தது. அங்கே அமைந்த தண்டவாளக்காரர் முகாமே நைரோபி. 1901 இல் பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டது. அந்த வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பகுதியிலிருந்து, ஏறக்குறைய 32,000 பேர் கொண்டுவரப்பட்டனர். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். ஏறக்குறைய 6,700 பேர் அங்கேயே தங்கினர். அவர்களையும், அவர்களுக்குப் பின் குஜராத்திலிருந்து வந்த வணிகரையும் தொடர்ந்து, சப்பாத்தி, சம்புசா, பஜியா, அச்சாரி என்ற சொற்கள் சுவாகிலி மொழிக்குள் புகுந்துவிட்டன. நான் பட்டினி கிடக்காததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதுவரை சொன்னவை உணவு கலந்த கதை. மனிதர் கலக்க விடப்படாத கதை வேறு.

நைரோபியின் புகழ்பெற்ற நோர்போக் ஹோட்டல் 1904 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று திறக்கப்பட்டது. வேட்டைக்கு வந்த பிரபுக்களும் பெருந்தோட்டத் துரைமாரும் அதன் விறாந்தையில் அமர்ந்து குடித்து மகிழ்ந்தனர். ஆபிரிக்கர் அங்கே பரிமாறலாம், அமர முடியாது. இந்தியருக்கும் இடமில்லை. 1902 இல் கொள்ளைநோய் பரவியபோது இந்தியக் கடைத்தெரு தீயிட்டுக் கொளுத்தப்பட்டது. நிறத்துக்கு ஒரு குடியிருப்பு, நிறத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசை என்றே நகரம் வளர்ந்தது.

1922 மார்ச்சில், ஆபிரிக்கர் மீதான வரியையும் அடையாளப் பத்திர முறையையும் எதிர்த்துப் பேசிய ஹரி துக்கு என்ற இளைஞர் கைதுசெய்யப்பட்டார். 16 ஆம் திகதி, அவரை விடுவிக்கக் கோரி மக்கள் பொலிஸ் நிலையத்தின் முன் திரண்டனர். ஆண்கள் தயங்கிய வேளையில் முத்தோனி ஞான்ஜிரு என்ற பெண் முன்னால் வந்து அவர்களைச் சாடி, கூட்டத்தை முன்னோக்கி நடத்தினாள். பொலிசார் சுட்டனர். அருகேயிருந்த நோர்போக் ஹோட்டலின் விறாந்தையில் அமர்ந்திருந்த வெள்ளையரும் சேர்ந்து சுட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசாங்கக் கணக்கின்படியே இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். முத்தோனியும் அவர்களுள் ஒருத்தி.

அத்தானோடு ஒருநாள் அந்த ஹோட்டலின் முன்னாற் சென்றேன். வீதியின் பெயர்ப்பலகையை அவர் சுட்டிக் காட்டினார்: ஹரி துக்கு வீதி! ஹோட்டலின் விலாசமே இன்று அந்தக் கைதியின் பெயர்தான்.

1950களில் நிறத்தடை மெல்லத் தளர்ந்தது. 1963 டிசம்பர் 12 ஆம் திகதி கென்யா சுதந்திரம் பெற்றது. ஆனால் நிறம் காவல்நின்ற வாசலிற் பின்னர் பணம் காவல்நின்றது. கென்ய எழுத்தாளர் மேஜா முவாங்கி 1973 இல் வெளியிட்ட 'கில் மீ குவிக்' என்ற நாவலில், படித்தும் வேலை கிடையாத இரு இளைஞர்கள் நகரத்துக் குப்பைத் தொட்டிகளில் உணவு தேடி உண்கிறார்கள். ஏழைகளுக்குச் சோறுபோட்ட தெருவோரத் தட்டிக் கடைகளை நகர நிர்வாகம் பலமுறை இடித்துத் தள்ளியது. 1990 மே மாதத்தில் முவோரோட்டோ என்ற குடிசைப் பகுதி கடைகளோடு சேர்த்து இடிக்கப்பட்டது பெருங் கலவரமாயிற்று. இடித்த கடைகள் வேறு தெருக்களில் மீண்டும் முளைத்தன. பசிக்குக் கட்டட அனுமதி தேவையில்லையே!

நேயர்களே, நோர்போக் ஹோட்டலின் முன் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்றிரவு படுக்கையில் வேறொரு நினைவு வந்து என்னைத் தூங்கவிடாமற் செய்தது. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையைப் பற்றி என் தகப்பனார் சொன்ன கதை அது. கடைக்குள் வாங்கிலே இருந்து மூக்குப்பேணியிற் குடிப்பவர்கள் ஒரு பகுதியார். வெளியே நிலத்தில் குந்தியிருந்து, தமக்கென்று ஒதுக்கிய போத்தலிற் குடிப்பவர்கள் இன்னொரு பகுதியார். சாதியின் பெயரால் இப்படி விலக்குவது குற்றம் என்று 1957 இல் இந்த நாட்டிற் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கு யாழ்ப்பாணத்திலே போராட வேண்டியிருந்தது. அடிபட்டார்கள், உயிரும் கொடுத்தார்கள். அந்தக் கொடுமைகளையே கே. டானியல் தமது 'பஞ்சமர்' நாவலில் எழுதினார்.

என் தகப்பனார் உள்ளே இருந்து குடித்தவர். "அப்ப அது எங்களுக்குப் பிழையாத் தெரியேல்லை, தம்பி" என்று வயதான காலத்திலே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. விறாந்தையில் அமர்ந்திருந்த துரைமாருக்கும் அது பிழையாகத் தெரிந்திருக்காது. பிறருடைய விறாந்தையைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம்; சொந்த வீட்டு வாங்கைப் பார்ப்பதுதான் கடினம்.

ஒரு நகரத்து உணவைப் பற்றி எழுதுவோர் ருசியைப் பற்றி எழுதுவர், அது வேண்டியதுதான். களியும் சப்பாத்தியும் எவருடைய அனுமதியையும் கேளாமற் கடல் கடந்து, மொழி கடந்து, எதிரியின் அடுப்பிலும் ஏறிவிடுகின்றன. குரக்கன் எம்மிடம் வந்தபோது அதன் குலம் கோத்திரத்தை எவரும் கேட்கவில்லை. மனிதன் வந்து வாங்கில் அமரும்போது மட்டுமே கேள்வி பிறக்கிறது. ஆகவே ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புபவர், அங்கே என்ன சமைத்தார்கள் என்பதோடு, எவர் இருந்து சாப்பிட்டார், எவர் நின்று சாப்பிட்டார், எவர் பரிமாறிவிட்டுப் பசியோடு போனார் என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மீண்டும் அந்தத் தகரக் கூரை ஹோட்டேலிக்குப் போனோம். பாலையும் தேயிலையையும் சீனியையும் ஒன்றாகக் கொதிக்கவைத்த தேநீர் வந்தது. நைரோபிக்கு அண்மையிலுள்ள லிமுருவில் 1903 இல் முதன்முதலாக நட்ட தேயிலை, இன்று உலகச் சந்தையில் எமது மலையகத் தேயிலையோடு போட்டியிடுகிறது. எங்கள் வாங்கிலே ஒரு பஸ் சாரதியும், தலைமூடிய சோமாலியப் பெண்ணொருத்தியும், சீக்கியப் பெரியவர் ஒருவரும் நெருங்கி இருந்தார்கள். கைகழுவ வெந்நீர் வார்த்த பெண், எல்லோருக்கும் வார்த்து முடிந்ததும், தானும் ஒரு கோப்பையோடு எங்கள் வாங்கின் நுனியில் வந்து அமர்ந்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.