அடையாற்றில் மாண்டிசோரி அம்மையார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் புறத்தில் எவ்வூருக்குச் சென்றாலும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'மாண்டிசோரி' என்னும் சொல் கண்ணிற் படும். பலகையில் ஏறிய அளவுக்கு அம்முறை வகுப்பறைக்குள் ஏறிற்றா என்பது ஐயமே. அஃது ஓர் அம்மையாரின் பெயர் என்பதையும், அவர் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர் என்பதையும் நேயர்களுள் சிலரேனும் அறியாதிருக்கலாம்.

1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியில் பிறந்த மரியா மாண்டிசோரி 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6 அன்று உரோமையின் ஏழைக் குடியிருப்பாகிய சான் லொரென்சோவில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே அவர் போதித்ததைவிடக் கவனித்ததே மிகுதி. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய சிறுவர், எவரும் ஏவாமலே ஒருநாள் எழுதத் தொடங்கினர். குழந்தையின் மனத்தைப் பெரியோரின் ஊகத்தால் அறிய இயலாது. அதனைத் தன் விருப்பப்படி இயங்கவிட்டு அருகிருந்து நோக்கல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

ஆனால் 1898-இல் தமக்குப் பிறந்த மாரியோவை, மணமாகாத் தாய் என்னும் பழிக்கு அஞ்சி, நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர விட்டார். அம்மகனின் மழலைப் பருவத்தை உடனிருந்து காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர்த் தம்மோடு அழைத்துக்கொண்டபோதும் உலகறிய 'மகன்' என்று சொன்னாரில்லை.

பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் இருவரும் அடையாறு வந்தனர். ஓலைக் கொட்டகைகளில் ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி நடைபெற்றது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். சில மாதங்களுக்கென வந்தவர்களைப் போர் மறித்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டார் என மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பெற்றார். அம்மையார் அடையாற்று வளாகத்துள் நிறுத்தப்பெற்றார். அவருக்கு எழுபது நிறைந்த அன்று வைசிராயின் தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக. நாற்பதாண்டுக்கு மேல் அவர் மறைத்து வைத்த சொல்லை அயலார் அரசாங்கம் சொல்லிற்று!

பின்னர்க் கோடைக்கானலிலும் பிற ஊர்களிலும் பணி தொடர்ந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்டோரையே முன்பு பெரிதும் ஆராய்ந்தவர், இந்நாட்டில் கைக்குழந்தையின்பால் கருத்தைச் செலுத்தினார். தாய் போமிடமெல்லாம் சுமந்து செல்லும் குழந்தை சந்தையின் பேச்சையும் ஓசையையும் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் என்றும், பிறந்த சேயைத் தாயினின்று பிரித்தலாகாது என்றும் எழுதினார். 'ஈர்க்கும் மனம்' என்னும் பொருளுடைய தலைப்புப் பெற்ற அந்நூல் 1949-இல் அடையாற்றிலேயே அச்சேறிற்று.