மூச்சை அளந்த கதை

நிலத்தையும் நெல்லையும் அளக்க மனிதன் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. தன் மூச்சை அளக்க முற்பட்டதோ அண்மைக் காலத்தில்தான். 1846-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்த மணி போன்றதொரு பாத்திரத்துள் மக்களை ஊதச் செய்தார். மாலுமிகள், போலீஸார், மல்லர்கள், அச்சுத் தொழிலாளர், ஏழை எளியவர் என இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊதினர். உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவும் கூடுவதை அவர் கண்டார்.

ஆனால் மருந்து பலித்ததா என்றறிய இவ்வளவை மட்டும் போதாது. நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் நுரையீரலில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அது வெளியேறும் வழிதான் குறுகிவிடுகிறது. பொறுமையாக ஊத விட்டால் நோயாளியும் பெருமளவு காற்றை வெளியேற்றிவிடக்கூடும். இந்நுட்பத்தைப் பிடித்தவர்கள் பிரெஞ்சு நாட்டு டிஃப்னோவும் பினெல்லியும் ஆவர். மூச்சை முழுதும் இழுத்து, வேகமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளிவருகிறது என்று 1947-இல் அவர்கள் அளந்தனர். நலமுள்ளவர் ஏறக்குறைய முக்கால் பங்கை அந்த ஒரு விநாடியிலேயே ஊதிவிடுவார், நோயாளியால் இயலாது.

1956-இல் அமெரிக்காவில், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரே அளவு மருந்தைத் தெளிக்கும் சிறு குப்பி விற்பனைக்கு வந்தது. அதற்குமுன் ரப்பர்ப் பந்தை அமுக்கித் தெளித்த காலத்தில், உள்ளே சென்ற மருந்து எவ்வளவு என்பதே நிச்சயமில்லை. இப்பொழுது மருந்துக்கும் அளவு, மூச்சுக்கும் அளவு! மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் செய்து ஒப்பிட்டனர். ஆஸ்துமாவில் எண் நன்றாக உயர்ந்தது. புகையால் கெட்ட நுரையீரலிலோ பெரும்பாலும் சிறிதே அசைந்தது.

இங்கேதான் சிக்கல். எண் அசையாத நோயாளி, "மாடிப்படி ஏற முடிகிறது, ஐயா" என்கிறார். அவர் சொல்வது வெறும் மனப்பிரமையன்று. உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று சற்றே வடிவதால் மார்பின் இறுக்கம் தளர்கிறது. ஒரு விநாடிக் கணக்கில் இது பலருக்குப் புலப்படுவதில்லை. ஆகவே நோயாளியின் சொல்லையும் அளவையாக்க வேண்டியதாயிற்று. லண்டனில் உருவாக்கப்பட்டு 1992-இல் வெளியிடப்பட்ட செயின்ட் ஜார்ஜ் வினாத்தாள், இருமலையும் இளைப்பையும் அன்றாட வேலைகளையும் வினவி 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. அதில் 4 புள்ளி குறைந்தால் நோயாளி உணரத்தக்க பயன் என்று கொள்வர். கருவியின் எண்ணுக்கு நிகராக இதற்கும் இடம் தந்தது நியாயமே என்பது என் கருத்து.

2008-இல் வெளியான ஒரு பெரும் பரிசோதனையில் 5,993 நோயாளிகளை நான்கு ஆண்டுகள் கவனித்தனர். டயோட்ரோப்பியம் என்னும் மருந்தை இழுத்தவர்களுக்கு நோய் முற்றித் துன்புறும் தடவைகள் குறைந்தன. வினாத்தாள் மதிப்பும் மேம்பட்டது. ஆயினும் ஒரு விநாடி மூச்சு ஆண்டுக்காண்டு தேயும் வேகம் குறையவில்லை. அவ்வேகத்தைத் தணிப்பது எது என்பதை லண்டனில் வேலை பார்த்த ஆடவர்களை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்த ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977-லேயே எழுதியிருந்தனர்: சிகரெட்டை விட்டொழிப்பதே அது.