முற்றத்துக் கோடுகளும் பாடசாலை மைதானமும்

யாழ்ப்பாணத்தில் எமது அம்மம்மாமாரின் விளையாட்டுகளுக்குக் காசு தேவைப்படவில்லை. எட்டுக்கோட்டில் கெந்த ஓர் ஓட்டுத்துண்டு, கொக்கான் வெட்ட ஒரு பிடி கல், கிளித்தட்டுக்கு மணலிற் கீறிய கோடுகள் போதும். குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொருவர் காவல் நிற்க, நடுக்கோட்டில் கிளி ஓடித்திரியும். அடிபடாமல் எல்லாத் தட்டுகளையும் தாண்ட வேண்டும்.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் அந்த ஓட்டம் நின்றுவிடும். கொக்கானும் தாயமும் திண்ணையில் தொடர்ந்தன. கிளித்தட்டு தம்பிமாருக்குப் போனது.

இவ்வழக்கத்தை மெல்ல மாற்றியவற்றுள் பெண்கள் பாடசாலை மைதானமும் ஒன்று. 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடர்ந்து வேறு பாடசாலைகளும் எழுந்தன. 1920களில் இலங்கைக்கு வலைப்பந்தாட்டம் வந்தது. எழுவர் அணியில் ஒவ்வொருத்திக்கும் எல்லை வகுத்த அவ்வாட்டம் கிளித்தட்டு ஆடிய கால்களுக்கு எளிதிற் பழகியது. பதினாறு வயதிலும் பெண் வெளியில் நின்று ஓடலாம் என்பதை ஊர் கண்டது.

வலைப்பந்தாட்டத்துக்கு விதிநூலும் கேடயங்களும் உண்டு. கிளித்தட்டின் விதிகள் ஆடியவர்களின் நினைவிலேயே தங்கியுள்ளன. ஊருக்கு ஊர் அவை வேறுபடும். அன்புச் சகோதரிகளே, எங்கு வாழ்ந்தாலும் உங்கள் ஊர் ஆடிய விதத்தை எழுதி வையுங்கள். பேத்திமாருக்கு ஒருமுறை கோடு கீறியும் காட்டுங்கள்.