சுடுகாட்டு மல்லி

சென்னையில இருக்கிற சிநேகிதர் ஒருத்தர் போன்ல கேட்டார்: "மாடித்தொட்டியில நித்தியகல்யாணி தானா முளைச்சிருக்கு, பிடுங்கிடவா?" பிடுங்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு இங்க சொல்றேன்.

எங்க கரிசக்காட்டுப் பக்கம் இதுக்குப் பேரு சுடுகாட்டு மல்லி. தண்ணி ஊத்த ஆளில்லாமலே மயானத்துல பூத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. வாசல்ல ஒண்ணு முளைச்சா எங்க அம்மா வேரோட பிடுங்கி எறிஞ்சிடுவாங்க.

செடிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெயில் நாடெல்லாம் பரவிடுச்சு. ஜமைக்காவுல சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்கவச்சுக் குடிச்சாங்க. 1952-ல அந்த இலை கொஞ்சம் கனடாவுல இருந்த ராபர்ட் நோபிள்ங்கிற ஆராய்ச்சியாளர் கைக்குப் போச்சு. எலிக்குக் கொடுத்துப் பார்த்தா சர்க்கரை குறையல. ரத்தத்துல வெள்ளையணு குறைஞ்சது. வெள்ளையணு கட்டுமீறிப் பெருகுறதுதானே ரத்தப் புற்று! அவரும் சார்லஸ் பீரும் 1958-ல வின்பிளாஸ்டின்ங்கிற சத்தைப் பிரிச்சு அறிவிச்சாங்க. அடுத்து வந்த வின்கிறிஸ்டினுக்கு 1963-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.

பிறகு நம்ம தென்மாவட்ட மானாவாரி நிலத்துலயும் இது பயிராச்சு. பொடி விதை, மணலோட கலந்துதான் விதைக்கணும். ஆறாம் மாசமும் ஒன்பதாம் மாசமும் இலை பறிச்சு, வருசக் கடைசியில வேரைத் தோண்டுவோம். நாங்க அரை ஏக்கர் போட்டப்போ அம்மா அந்தக் காட்டுப் பக்கமே வரல.

அப்புறம்தான் எங்க அக்கா பேத்திக்கு ரத்தப் புற்று வந்தது. ஏத்துற மருந்துல ஒண்ணு வின்கிறிஸ்டின். "இது நித்தியகல்யாணியில இருந்து வர்றதுய்யா"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஊருக்கு வந்து அம்மாட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல. ஆனா அதுக்கப்புறம் வாசல்ல முளைச்சதை அவங்க பிடுங்கல. பேத்தி இப்போ ஏழாவது படிக்கிறா.

வளர்க்குறது சுலபம். நல்ல வெயில், தண்ணி வடியுற மண் போதும். மேல்மண் காஞ்சதும் ஊத்துங்க. தேங்கினா வேர் அழுகிடும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. இலையைக் கஷாயம் வச்சுக் குடிக்கக் கூடாது, அது விஷம். ஆஸ்பத்திரியில ஏத்துறது பிரிச்செடுத்து, அளந்து கொடுக்கிற மருந்து. நம்ம வீட்டுல அது பூக்கட்டும், அவ்வளவுதான்.