கொலாரெஸ்: பூச்சிக்குத் தப்பிய திராட்சைத் தோட்டம்

ஜன்னல், சாவி, அலமாரி என்று நாம் தினமும் புழங்கும் சொற்களைத் தமிழுக்குத் தந்த நாடு போர்த்துக்கல். அதன் தலைநகர் லிஸ்பனுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது கொலாரெஸ். லிஸ்பனிலிருந்து சிந்த்ரா வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து கடற்கரைக்கு 1904ல் போட்ட டிராம் பாதை இந்த ஊர் வழியாகத்தான் இறங்குகிறது. ஒரு காலத்தில் கொலாரெஸ் தனி நகராட்சி. 1855ல் அதைக் கலைத்து சிந்த்ராவோடு சேர்த்துவிட்டார்கள்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒயின். 1255லேயே மன்னர் மூன்றாம் அஃபோன்சோ இங்கே நிலம் கொடுத்தபோது, திராட்சை நட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.

முதல் முறை பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் என்றே தெரியாது! பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கடற்கரை மணலில் கொடிகள் பூசணிக்கொடி போலப் படர்ந்து கிடக்கும். உப்புக் காற்று அடிக்காமல் இருக்கச் சுற்றிலும் நாணல் தட்டி கட்டியிருப்பார்கள். காய் பழுக்கும் சமயத்தில் சூடான மணலில் பட்டுக் கெடாதபடி, கொடிக்குச் சிறு குச்சிகளை முட்டுக் கொடுப்பார்கள்.

நடுவது இன்னும் கஷ்டம். மணலுக்கு அடியில் களிமண் இருக்கிறது. வேர் பிடிக்க வேண்டியது அதில்தான். எனவே சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, களிமண்ணில் கொடியை ஊன்றி, அது வளர வளர மணலை மூடுவார்கள். பள்ளம் சரிந்தால் மூச்சு முட்டாமல் இருக்க, அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவார்களாம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்ற கேள்விக்கு 19ம் நூற்றாண்டு பதில் சொன்னது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. கண்ணுக்குத் தெரிவதே அரிது. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக் கொடியைக் கொன்றுவிடும். பிரான்சின் 1889 ஒயின் உற்பத்தி, 1875ல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைசியில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள்.

கொலாரெஸுக்கு ஒட்டே தேவைப்படவில்லை. இறுகாத மணலில் அந்தப் பூச்சியால் வழி போட்டு வேர் வரை போக முடியவில்லை. ரமிஸ்கோ என்ற இவ்வூர்க் கருந்திராட்சை சொந்த வேரிலேயே நின்றது, இன்றும் நிற்கிறது. மற்ற ஊர்கள் வெறுமையாகக் கிடந்தபோது கொலாரெஸ் ஒயினுக்குக் கிராக்கி கூடியது. 1908ல் அரசு எல்லை வகுத்து, அதற்கு வெளியே விளைந்ததற்கு இந்தப் பெயர் கிடையாது என்றது. 1931ல் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் ஆலை வந்தது. அது இன்றும் இயங்குகிறது. அந்த நல்ல காலத்தில் தோட்டங்கள் ஆயிரம் ஹெக்டேரைத் தாண்டியிருந்தன.

பிறகு வந்த எதிரிக்கு ஆறு கால் கிடையாது. 20ம் நூற்றாண்டில் லிஸ்பன்காரர்களுக்குக் கடலோரத்தில் கோடை வீடு தேவைப்பட்டது. திராட்சைக்கு ஏற்ற மணல்மேடுதான் வீட்டுக்கும் ஏற்ற இடம். ஒரு பக்கம், பள்ளம் தோண்டி, வருடக்கணக்கில் காத்திருந்து, குறைந்த விளைச்சல் எடுத்து, அதையும் பல ஆண்டுகள் பீப்பாயில் ஊறப்போட்டு விற்க வேண்டும். மறுபக்கம், மனையாக விற்றால் ஒரே கையெழுத்து. விவசாயி மனையாக விற்றதில் என்ன ஆச்சரியம்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரம் ஹெக்டேர் சில பத்து ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

இதில் ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கிறது. ஒரு பொருள் அரிதானால் விலை ஏறும் என்று படிக்கிறோம். ஆனால் அந்தப் பொருள் விளையும் நிலத்தின் விலை அதைவிட வேகமாக ஏறினால், அரிய பொருளும் தோற்றுப்போகும்.

கதை இன்னும் முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் சிலர் மறுபடியும் மணலைத் தோண்டிக் கொடி நடுகிறார்கள். சிந்த்ரா போகிறவர்கள் அரண்மனைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், டிராம் பாதையோடு கீழே இறங்கி அந்த நாணல் தட்டிகளையும் பார்த்துவிட்டு வரலாம். ஒரு கண்டத்தையே காலி செய்த பூச்சி அங்கேதான் தோற்றது.